எம்டன் கப்பலுக்கு வாங்கிய ‘முழு செட்’: சேலத்தில் நான் ஏமாந்த விவரம்

ரேடியோவால் இயங்கும் சிறு போர்க்கப்பல் ஒன்றை முதன்முறையாகக் கட்ட முனைந்து, அதற்கான பாகங்களைச் சேலத்தில் ஒரே விற்பனையாளரிடம் மொத்தமாக வாங்கி, 11,800 ரூபாயைப் பறிகொடுத்தவன் எழுதும் பதிவு இது. கடையின் பெயரை எழுதவில்லை. என்னிடம் முறையான ரசீது கிடையாது. அது ஏன் இல்லாமல் போனது என்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய இதில், உண்மையாகவே கடலில் ஓடிய போர்க்கப்பல்களை 144இல் ஒரு பங்கு அளவில் கட்டி, கரியமில வாயுவின் அழுத்தத்தால் சிறு எஃகுக் குண்டுகளைச் சுட்டு, எதிரியின் கப்பலைக் குளத்தில் நிஜமாகவே மூழ்கடிப்பார்கள். மூழ்கிய கப்பலை எடுத்து, உலர்த்தி, ஓட்டைகளை அடைத்து, மறுபடியும் இறக்குவார்கள். குண்டு துளைப்பதற்காகவே பக்கச் சுவர் மெல்லிய பால்சா மரத்தால் ஆனது. உள்ளே புகும் நீரை வெளியேற்ற ஒரு பம்பு இருக்கும்.

நான் தேர்ந்தெடுத்தது எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்து, தமிழுக்கு ஒரு சொல்லையே கொடுத்துவிட்டுப் போன கப்பலைத் தவிர வேறு எதைக் கட்டுவது என்று தோன்றியது. தொடக்கக்காரன் ஆசையால் கப்பலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது பிறகுதான் புரிந்தது. எம்டனின் நீளம் 118 மீட்டர், அகலம் 13.5 மீட்டர், என் மாதிரியில் அது 82 சென்டிமீட்டருக்கு ஒன்பதரை சென்டிமீட்டராகிறது. எடையைக் கணக்கிடும்போது 144ஐ மும்முறை பெருக்கி, அதாவது ஏறத்தாழ 30 லட்சத்தால், வகுக்க வேண்டும். முழுச் சுமையோடு சுமார் 4,270 டன் இருந்த எம்டன், என் மேசையில் 1,430 கிராமுக்கு மேல் போகக் கூடாது. உடல், பேட்டரி, மோட்டார், பம்பு, துப்பாக்கி, வாயுக் குப்பி எல்லாம் அந்த ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

விற்பனையாளரிடம் கப்பலின் பெயரையும் நீளத்தையும் சொன்னேன். எடையை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. “எந்தக் கப்பலா இருந்தாலும் இதே செட்டுதாங்க சார், நாலஞ்சு பேருக்குக் கொடுத்திருக்கேன், ஒரு புகாரும் வந்ததில்லை” என்றார். எடையைச் சொல்லாதது என் தவறு என்று இன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இனி எழுதப் போகிறவை என் தவறால் நேர்ந்தவை அல்ல.

முதலில் பால்சா. ஒரு மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை மில்லிமீட்டர் கனம் கொண்ட உண்மையான பால்சாத் தகடு சுமார் 25 கிராம் இருக்கும். அவர் கொடுத்த தகடு 80 கிராம் இருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. வெளிறிய நிறத்தில் இழைத்த ஏதோ ஒரு மலிவு மரத்தைப் பால்சா விலைக்கு விற்றிருக்கிறார். சமையலறைத் தராசு இருந்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும்.

அடுத்தது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. நான் வாங்கியவை இரண்டு கம்பி கொண்ட சாதாரண மோட்டார்கள். அவர் கொடுத்ததோ மூன்று கம்பி கொண்ட, டிரோன்களுக்கான கருவி. அவை ஒன்றோடொன்று சேரவே சேராது. தொலைபேசியில் கேட்டபோது, மூன்றில் ஏதாவது இரண்டை இணைத்தால் போதும் என்றார். மோட்டார் துடித்ததே தவிரச் சுழலவில்லை. பறக்கும் பொருள்களுக்கான இந்தக் கருவிகள் பலவற்றில் பின்னோக்கி ஓட்டும் வசதியும் இருக்காது. போரில் பின்வாங்க முடியாத கப்பல் எதற்கு?

பேட்டரி, எமர்ஜென்சி விளக்கில் போடும் 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி ஈய அமில வகை. எடை 740 கிராம். கப்பலுக்கு அனுமதியான எடையில் பாதிக்கும் மேல். அதன் மேலிருந்த புது ஸ்டிக்கரை உரித்தபோது, அடியில் தயாரிப்புத் தேதி இருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது. இவ்வகைப் பேட்டரியைச் சார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் வைத்திருந்தால் உள்ளே சல்பேட் படிந்து திறன் போய்விடும். பழைய சரக்கு என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. முழுதாகச் சார்ஜ் ஏற்றியும் ஆறு நிமிடம்தான் தாங்கியது.

பம்பு என்று தந்தது, மணிக்கு 120 லிட்டர் இறைக்கும் சிறு நீரூற்றுப் பம்பு. அதாவது நிமிடத்துக்கு இரண்டு லிட்டர். நீர்மட்டத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் கீழே நாலரை மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று விழுந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் நீர் புகும் என்று கணக்கிட்டேன். ஐந்து குண்டு பட்டால் பம்பு சமாளிக்கும், ஆறாவதில் திணறும். பரவாயில்லை, இதை மட்டும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

ரெகுலேட்டரை அப்படி விட முடியாது. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான். கரியமில வாயுக் குப்பிக்குள் 20 டிகிரி வெப்பத்திலேயே 57 பார் அழுத்தம் இருக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில், 31 டிகிரியைத் தாண்டிய பிறகு அந்த வாயு திரவமாகவே நிற்காது. நிறைந்த குப்பியில் அழுத்தம் வேகமாக ஏறும். அதை ஏறத்தாழ 10 பாருக்குக் குறைத்துத் துப்பாக்கிக்கு அனுப்புவதே ரெகுலேட்டரின் வேலை. அவர் ‘கேஸ் ரெகுலேட்டர்’ என்று 2,400 ரூபாய்க்குக் கொடுத்ததைத் தீயணைப்பான் நிரப்பும் தொழிலில் இருக்கும் என் தாய்மாமா கையில் வாங்கி, திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதை எங்கடா மாட்டப் போற?” அதன் அடியில், உள்ளே வரும் அழுத்தம் அதிகபட்சம் 10 பார் என்று பொறிக்கப்பட்டிருந்தது. அது காற்று கம்ப்ரஸருக்கானது. குப்பியை மாட்டித் திருகியிருந்தால், ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் என் முகத்துக்கு ஓரடி தூரத்தில் அந்த ரெகுலேட்டருக்குள் பாய்ந்திருக்கும்.

துப்பாக்கி வேலையை அன்றே நிறுத்திவிட்டேன். எடை சரிபார்க்க மட்டும் எல்லாவற்றையும் உள்ளே வைத்து, வேறு இ.எஸ்.சி. வாங்கிப் பொருத்தி, ஏற்காட்டை அடுத்த நாகலூரில் உறவினரின் தோட்டத்துக் காப்பிக்கொட்டை கழுவும் தொட்டியில் இறக்கினேன். மொத்தம் 2,060 கிராம். 630 கிராம் அதிகம். நீர்க்கோடு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் உள்ளே போயிருந்தது. முதல் திருப்பத்திலேயே பின்தளத்தில் நீர் ஏறிக் கப்பல் கவிழ்ந்தது. ஒரு குண்டுகூடச் சுடாமல் எம்டன் மூழ்கிய காட்சியைத் தோட்டத்துப் பிள்ளைகள் கைதட்டி ரசித்தார்கள்.

அந்தக் கப்பலில் ஒழுகாத ஒரே இடம், சுழல்விசிறித் தண்டு செல்லும் இரண்டு பித்தளைக் குழாய்கள். அவற்றைச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் பற்றவைத்துக் கொடுத்தார்கள். தேநீருக்கு மேல் காசு வாங்கவில்லை.

பொருள்களைத் திருப்பித் தரப் போனபோது, திறந்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். ரசீது என்று என்னிடம் இருந்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு. கடை முத்திரை இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை, ‘செட் 1’ என்ற ஒரு வரி மட்டும். பில் போட்டால் வரி சேரும் என்றதற்குத் தலையாட்டியவன் நான்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லை. ஆனால் எதை வாங்கினேன் என்பதைக் காட்ட அந்தத் துண்டுச் சீட்டு போதுமா என்பதுதான் இப்போதைய கவலை. ஆகவே வாங்குகிறவர்கள் ஒவ்வொரு பாகத்தின் பெயர், எடை, வோல்ட், தாங்கும் அழுத்தம் ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதிய பில் இல்லாமல் பணத்தை நீட்ட வேண்டாம்.

இப்போது எடைப் பட்டியலை முதலில் எழுதிவிட்டுத்தான் வாங்குகிறேன். பழைய பேட்டரிக்குப் பதில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் இரண்டு, 6.4 வோல்ட், 180 கிராமுக்குள். ஈயப் பேட்டரி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ரெகுலேட்டரைத் தெருமுனை பஞ்சர் கடைக்காரருக்குக் கொடுத்தேன். அவருடைய கம்ப்ரஸர் 8 பார்தான் என்பதால், அங்கே அது எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.