மானியமா, கரண்ட் பில்லில் சலுகையா? பட்டறைக்காரருக்கு எந்த பட்ஜெட் முடிவு உதவும்

மாநில பட்ஜெட் வாசித்து முடித்த அன்று மாலையே தொழில் அமைப்புகளின் அறிக்கைகள் வந்துவிடும். முதல் பத்தியில் வரவேற்பு, அடுத்த பத்தியில் ஏமாற்றம். வரவேற்பு பெரும்பாலும் முதலீட்டு மானியத்துக்கு, ஏமாற்றம் அனேகமாக மின்கட்டணத்துக்கு. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் 2022-க்குப் பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. இரண்டுக்கும் பணம் போவது ஒரே அரசு கஜானாவிலிருந்துதான். அப்படியென்றால் அந்தப் பணம் எந்த வழியில் போனால் ஒரு சிறு பட்டறைக்கு அதிகம் பயன் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, பொருள்களுக்கான வரியைக் கூட்டவோ குறைக்கவோ மாநில பட்ஜெட்டால் முடியாது. பெட்ரோல், டீசல், மதுபானம், பத்திரப்பதிவு, வாகன வரி என்று சில மட்டுமே மாநிலத்தின் கையில் மிச்சம். 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்களே, அந்த மாதிரி. ஆகவே சிறுதொழிலுக்கு மாநிலம் ஏதாவது செய்ய நினைத்தால் வழிகள் குறைவு: இயந்திரம் வாங்கக் காசு கொடுக்கலாம், கடன் வட்டியில் பங்கு ஏற்கலாம், மின்சாரத்தை மலிவாக்கலாம், இடம் கொடுக்கலாம்.

முதலீட்டு மானியம்

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு திட்டமல்ல, பல திட்டங்கள் இருக்கின்றன. வேலையில்லாத இளைஞர்களுக்கான யுஒய்இஜிபி-யில் 15 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியம். அதைவிடப் பெரிதாகத் தொடங்க நினைக்கும் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 'நீட்ஸ்': 10 லட்சம் முதல் 5 கோடி வரை, 25 சதவீதம், உச்சவரம்பு 75 லட்சம், கூடவே வட்டியில் 3 சதவீதம் சலுகை. 2023-24 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் உரியது. அதில் 35 சதவீதம், உச்சம் ஒன்றரைக் கோடி, வட்டிச் சலுகை 6 சதவீதம். இவை தவிர, உற்பத்தி செய்யும் குறுந்தொழில்கள் இயந்திரம் வாங்கினால் அதன் மதிப்பில் 25 சதவீத மானியமும் உண்டு.

காகிதத்தில் பார்த்தால் தாராளம்தான். மானியத்தின் பெரிய பலம், ஒருமுறை கிடைத்தால் அடுத்த ஆண்டு எந்த அரசு வந்தாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது என்பது. இயந்திரம் பட்டறையில் நிற்கும், கடன் குறைந்திருக்கும்.

ஆனால் மானியத்துக்கான கதவின் சாவி அரசிடம் இல்லை, வங்கியில் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் நேர்காணல் முடிந்து பரிந்துரை போனாலும், கிளை மேலாளர் கடன் தர மறுத்தால் அத்தோடு சரி. இதற்காகவே மாநில அரசு தனியாகக் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்றையும் கொண்டுவந்தது. அதன் பிறகும் 'சொத்துப் பத்திரம் இருக்கா?' என்ற கேள்வி முழுதாக ஒழிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, மானியம் கைக்கு வருவதில்லை. கடன் கணக்குக்குப் போகும். மத்திய அரசின் பிஎம்இஜிபி-யில் (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) அது மூன்று ஆண்டுகள் டெபாசிட்டாகப் பூட்டிவைக்கப்படுகிறது. தொடக்கத்திலேயே மானியத்தை விடுவிக்கும் விதத்தில் அண்ணல் அம்பேத்கர் திட்டம் இவற்றைவிட மேல்.

எல்லாவற்றையும்விட முக்கியமான குறை வேறு. புதிதாகத் தொடங்குபவருக்கு அல்லது புதிய இயந்திரம் வாங்குபவருக்குத்தான் இந்தப் பணம். இருபது வருடமாக நான்கு லேத் வைத்து ஜாப் ஒர்க், அதாவது பிறருக்குக் கூலிக்கு வேலை, செய்துகொண்டிருப்பவர் ஒன்றும் வாங்காவிட்டால் பட்ஜெட்டில் அவரைப் பற்றிப் பேச்சும் இல்லை, அவருக்கு வரவும் இல்லை.

மின்கட்டணம்

2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண உயர்வை இங்கே யாரும் மறக்கவில்லை. தாழ்வழுத்தத் தொழிற்சாலைகளுக்கான மூன்று-பி பிரிவில் யூனிட் விலை 6.35 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. பட்டறைக்காரர்களை அதைவிட அதிகம் கடித்தது, இணைப்பின் சுமைக்கு (கிலோவாட் அளவுக்கு) மாதாமாதம் கட்டும் நிலைக்கட்டணம். அதற்கு முன் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாய். அதன் பிறகு 50 கிலோவாட் வரை 75 ரூபாய், 50-ஐத் தாண்டினால் 150 ரூபாய், 112-ஐத் தாண்டினால் 550 ரூபாய். வருமான வரி மாதிரி மேலே உள்ள பகுதிக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்றால் பரவாயில்லை. இங்கே மொத்தச் சுமைக்கும் புதிய விகிதம். அன்றைய விகிதத்தில் 50 கிலோவாட் வைத்திருப்பவருக்கு 3,750 ரூபாய், 51 வைத்திருப்பவருக்கு 7,650 ரூபாய். ஒரு மோட்டார் கூடுதலாக வைத்ததற்கு இரண்டு மடங்கு.

ஆர்டர் இருக்கிறதோ இல்லையோ, நிலைக்கட்டணம் வரும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர்கள் தடுமாறின. அப்படிப்பட்ட மாதத்தில் இயந்திரம் வாங்க மானியம் தருகிறோம் என்றால் யார் வாங்குவார்கள்? இருக்கிற இயந்திரமே சும்மா நிற்கிறது. ஆனால் அந்த மாதத்துக்கும் பில் வந்தது.

உச்சநேரக் கட்டணம் தனிக் கதை. காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 வரை ஓட்டினால் கூடுதல் விலை. மாலை ஓவர்டைம் வைத்து டெலிவரி தேதியைப் பிடிக்கும் பட்டறைகளுக்கு அந்த நேரம்தான் பிழைப்பு. 25 சதவீதமாக இருந்த அந்தக் கூடுதல், போராட்டங்களுக்குப் பிறகு 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுவதும் சிறு, குறு தொழிற்சாலைகள் ஒருநாள் கதவை மூடியதும் அந்தப் போராட்டங்களில் ஒன்று. மானியம் போதவில்லை என்று இப்படி யாரும் கதவடைப்பு நடத்தியதாக எனக்கு நினைவில்லை.

கணக்கில் வைத்துப் பார்த்தால்

ஒரு கற்பனைப் பட்டறை எடுத்துக்கொள்வோம். 60 கிலோவாட் இணைப்பு, மாதம் 8,000 யூனிட் செலவு. 2022 உயர்வால் யூனிட்டுக்கு 1.15 ரூபாய் கூடுதல் என்றால் மாதம் 9,200 ரூபாய். நிலைக்கட்டணம் 2,100-லிருந்து 9,000 ஆனதில் 6,900. மொத்தம் மாதம் 16,100 ரூபாய், வருடத்துக்கு 1,93,200. ஐந்து வருடத்தில் 9 லட்சத்து 66 ஆயிரம். மின்வரி, உச்சநேரக் கட்டணம், அதற்குப் பிறகு ஜூலை மாதங்களில் வந்த உயர்வுகள் எதையும் இதில் சேர்க்கவில்லை.

இதே பட்டறை 40 லட்சம் ரூபாய்க்கு கணினி வழி இயங்கும் ஒரு சிஎன்சி இயந்திரம் வாங்கி 25 சதவீத மானியம் பெற்றால் கிடைப்பது 10 லட்சம். அதாவது, அரசு ஒரு கையால் கொடுத்த மானியம் கிட்டத்தட்ட முழுதும் ஐந்து வருடத்தில் மின்வாரியம் வழியாகத் திரும்பிப் போகிறது. மானியம் கிடைத்தவருக்கே இந்த நிலை. கிடைக்காதவருக்குப் போவது மட்டும்தான்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மானியமே வீண் என்று சொல்லிவிட முடியாது. மின்சலுகையில் ஒரு அநியாயம் உண்டு. அதிகம் எரிப்பவருக்கு அதிகம் கிடைக்கும். பட்டறைகளே அரிதாக இருக்கும் ராமநாதபுரம், அரியலூர் போன்ற மாவட்டங்களில் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் குறைத்தால் புதிதாக ஒரு தொழில் முளைத்துவிடாது. அங்கே முதலீட்டுக்கு உதவி வேண்டும். குடும்பத்தில் முதல் ஆளாகத் தொழிலுக்கு வருபவருக்கும் அப்படித்தான். யாருக்கு என்று குறிபார்த்துக் கொடுக்க மானியத்தால் முடியும், கட்டணக் குறைப்பால் முடியாது.

அரசு ஏன் மானியத்தையே விரும்புகிறது

மானியத்துக்கு ஒரு தொகை ஒதுக்கிவிட்டால் செலவு அதோடு நின்றுவிடும். எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று எண்ணிக்கை சொல்லலாம், காசோலை கொடுக்கும் படமும் கிடைக்கும். மின்கட்டணம் அப்படியல்ல. அதை நிர்ணயிப்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். நிதியமைச்சர் உரையில் ஒரு வரி வாசித்துக் குறைத்துவிட முடியாது. வாரியமோ பல ஆண்டுகளாகக் கடனில் இருக்கிறது. விவசாயத்துக்கு 1990 முதல் இலவச மின்சாரம், வீடுகளுக்கு 2016-லிருந்து முதல் 100 யூனிட் இலவசம். இவற்றைக் குறைகூறவில்லை, ஆனால் அந்தப் பாரத்தில் ஒரு பங்கு தொழில் இணைப்புகளின் விலையில் ஏறி உட்காருகிறது என்பதை எந்த பட்ஜெட் உரையும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

ஆனால் 'எங்கள் கையில் இல்லை' என்ற பதில் முழு உண்மை அல்ல. 2003 மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவின்படி, எந்த நுகர்வோர் பிரிவுக்கு வேண்டுமானாலும் மாநில அரசு சலுகை தரலாம். அந்தத் தொகையை வாரியத்துக்கு முன்கூட்டியே கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். விசைத்தறிக்கு இதைத்தான் செய்கிறார்கள். 2023-இல் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசம் என்பது 1,000 யூனிட் ஆக்கப்பட்டது. சோமனூரிலும் பல்லடத்திலும் நெசவாளர்கள் விடாமல் கேட்டார்கள், கிடைத்தது. அதே சாலையில் இருக்கும் லேத் பட்டறைக்கு அதே வழியில் தர சட்டத்தில் தடை எதுவும் இல்லை.

நடுவில் ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது

அதிகம் பேசப்படாத ஒரு சலுகை உண்டு. புதிதாக உற்பத்தி தொடங்கும் குறுந்தொழிலுக்கு முதல் 36 மாதங்கள் மின் நுகர்வுக் கட்டணத்தில் 20 சதவீதம் மானியம். மேலே சொன்ன பட்டறைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். 2022 விலையில் 8,000 யூனிட்டுக்கு 60,000 ரூபாய், அதில் 20 சதவீதம் மாதம் 12,000. மூன்று வருடத்தில் 4 லட்சத்து 32 ஆயிரம். வங்கி மேலாளரின் தயவு தேவையில்லை. எவ்வளவு ஓட்டினாரோ அவ்வளவுக்குத்தான் பணம். மூன்று வருடத்தில் முடிந்துவிடும் என்பதால் அரசுக்கும் செலவின் எல்லை தெரியும்.

குறை, 37-வது மாதம் பில் திடீரென்று ஏறும். பழைய பட்டறைகளுக்கு இது கிடையவும் கிடையாது. இரண்டு திட்டங்களின் நல்ல பக்கமும் இருக்கும் இந்தச் சலுகையை பட்ஜெட்டில் ஏன் பெரிதாகப் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

கூரை சோலாரையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். பகலில் ஓடும் பட்டறைக்கு அது பொருத்தமானதுதான். ஆனால் சொந்தக் கூரையில் சொந்தச் செலவில் தயாரித்துத் தானே பயன்படுத்தும் யூனிட்டுக்கும் நெட்வொர்க் கட்டணம் (மின்வாரியத்தின் கம்பித்தடத்துக்கான கட்டணம்) கேட்டதால் பலருக்கு ஆர்வம் போய்விட்டது. பிறகு சிறுதொழில்களுக்கு அதில் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். மீதிப் பாதி அப்போது அப்படியே நின்றது. அரசின் சிட்கோ நிறுவனம் தரும் தொழில்மனை இன்னும் தூரத்து விஷயம். அறிவிப்புக்கும் சாலை, தண்ணீர், மின்இணைப்பு வந்து ஷெட் எழும்புவதற்கும் இடையே காலம் ஓடுகிறது. வாடகை ஷெட்டில் இருப்பவர் அந்தக் கணக்கை வைத்து இன்றைய முடிவை எடுக்க முடியாது.

என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர் தயங்காமல் மானியத் திட்டத்துக்குப் போகலாம். கூடவே அந்த 20 சதவீத மின்சலுகைக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் மறக்காமல் விண்ணப்பிக்க வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். 50 கிலோவாட்டை ஒட்டி இருப்பவர்கள் உண்மையில் எவ்வளவு சுமை தேவை என்று ஒரு மின்பணியாளரை வைத்துப் பார்த்து, முடிந்தால் இணைப்பைக் குறைத்துக்கொள்வது எந்த மானியத்தையும்விட வேகமாகப் பலன் தரும். இது அரசு தயவே இல்லாமல் கிடைப்பது.

பட்ஜெட்டுக்கு முன்பு கோரிக்கை மனு எழுதும் சங்கங்களுக்கு ஒரு யோசனை. 'மின்கட்டணத்தைக் குறைக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் 'ஆணையம் முடிவு செய்யும்' என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, 112 கிலோவாட்டுக்கு உட்பட்ட ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு நிலைக்கட்டணத்தில் பாதியை 65-வது பிரிவின்படி அரசு ஏற்க வேண்டும் என்று தொகையோடு கேளுங்கள். உங்கள் வட்டத்தில் எத்தனை இணைப்புகள், எத்தனை கிலோவாட், அரசுக்கு ஆண்டுச் செலவு எவ்வளவு என்ற பட்டியலை மனுவோடு இணைத்துவிடுங்கள்.