ஆட்டிசமா, ஏடிஹெச்டியா, இரண்டுமா?

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை. ஏடிஹெச்டி (கவனச் சிதறலும் அதீதத் துறுதுறுப்பும்) என்றால் பெரும்பாலும் குரல் காதில் விழுந்திருக்கும், ஆனால் மனம் வேறொன்றின் பின்னால் போயிருக்கும்; மூன்றாவது தடவை கூப்பிட்டதும் "என்ன?" என்று ஓடி வரும். ஆட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதிலும் குறிப்பறிவதிலும் சிரமம், ஒரே ஒழுங்கில் பிடிப்பு) என்றால், அது தனக்கான அழைப்பு என்பதே மற்றச் சத்தங்களிலிருந்து பிரிந்து தெரியாமல் இருக்கலாம். வெளியே தெரிவது ஒன்றுதான், காரணம் வேறு.

பேச்சில் குறுக்கிடுவதும் அப்படித்தான். ஏடிஹெச்டி பிள்ளைக்குத் தன் முறை வரவில்லை என்பது தெரியும், வாயை அடக்க முடியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, எதிரில் இருப்பவர் எப்போது நிறுத்துவார், எப்போது தான் தொடங்கலாம் என்ற குறிப்பே பிடிபடாது. முதல் பிள்ளைக்குக் காத்திருக்கப் பழக்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு அந்தக் குறிப்பு எதுவென்று வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டும். காரணத்தைத் தவறாகப் பிடித்தால், செய்கிற உதவியும் தவறிப்போகும்.

இரண்டும் சேர்ந்திருக்கும் பிள்ளைதான் எல்லோரையும் குழப்புகிறது. ஆட்டிசம் ஒழுங்கைக் கேட்கும், ஏடிஹெச்டி அந்த ஒழுங்கைக் கலைக்கும். அட்டவணை மாறினால் அழுகிற அதே பிள்ளையால் அட்டவணைப்படி நடக்கவும் முடியாது. புதிது புதிதாக எதையாவது தேடும். கிடைத்த புதுமையே அதைத் திணறடிக்கும். இதைப் பிடிவாதம் என்று திட்டுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது.

இந்தச் சேர்க்கைக்கு வெகுகாலம் பெயரே கொடுக்க முடியாமல் இருந்தது. 1994-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்-4, ஆட்டிசம் உள்ளவருக்கு ஏடிஹெச்டி என்றும் தனியாகக் குறிப்பதை அனுமதிக்கவில்லை. 2013-இல் டிஎஸ்எம்-5 தான் அந்தத் தடையை நீக்கியது. இப்போது வளரிளம் பருவத்தில் இருக்கும் பலருக்குச் சிறு வயதில் ஒரு பெயர் மட்டும் கிடைத்ததற்கு இந்தப் பழைய பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆய்வுக்கு ஆய்வு எண் மாறினாலும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஏடிஹெச்டியும் இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

சரி, மூன்று முடிவுகளில் எதை அவசரப்பட்டு ஏற்கக் கூடாது? என்னைக் கேட்டால், "ஏடிஹெச்டி மட்டும்" என்பதை. துறுதுறுப்பு சட்டென்று கண்ணில் படும், மற்றது அதன் பின்னால் மறைந்துவிடும். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதலில் ஏடிஹெச்டி என்று சொல்லப்பட்ட பிள்ளைகளுக்கு ஆட்டிசம் தெரியவரச் சராசரியாக 3 ஆண்டுகள் கூடுதலாகப் பிடித்தது. சிறு பிள்ளைக்கு 3 ஆண்டுகள் என்பது பேச்சுப் பயிற்சியும் பழகும் பயிற்சியும் கிடைத்திருக்க வேண்டிய காலம்.

"ஆட்டிசம் மட்டும்" என்று நிறுத்திக்கொள்வதிலும் இழப்பு உண்டு. கவனச் சிதறலும் ஆட்டிசத்தின் பகுதிதான் என்று விட்டுவிட்டால், அதற்குக் கிடைக்கக்கூடிய சிகிச்சை நழுவிவிடும். ஆனால் மருந்து இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஏடிஹெச்டி மட்டும் உள்ள பிள்ளைகளில் சுமார் 70 சதவீதம் பேருக்கு, ஏடிஹெச்டிக்கு வழக்கமாகத் தரும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து பலன் தருகிறது. ஆட்டிசத்தோடு அதீதத் துறுதுறுப்பும் இருந்த 72 பிள்ளைகளிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில் அது 49 சதவீதம்தான். 18 சதவீதம் பேர் பக்கவிளைவால் நிறுத்திக்கொண்டார்கள், அதில் எரிச்சல்தான் முக்கியம். பலன் பாதிப் பேருக்கு உண்டு என்பதால் தயங்கி ஒதுக்க வேண்டியதில்லை. குறைந்த அளவில் தொடங்கி, மெதுவாகக் கூட்டி, எரிச்சலையும் தூக்கத்தையும் பசியையும் கவனித்தபடி போக வேண்டும். ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளுக்கு இது மருந்தல்ல.

வளரிளம் பருவத்தில் பிரித்தறிவது இன்னும் கடினம். ஓட்டமும் குதிப்பும் அடங்கி, உள்ளுக்குள் ஓயாத பரபரப்பாக மாறியிருக்கும். பெண் பிள்ளைகள் பலர் மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடித்துப் பழகியிருப்பார்கள். பள்ளியில் அமைதியாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் உடைந்துபோவார்கள். அப்போது பழைய காலம்தான் கைகொடுக்கும். இரண்டு வயதில் விரலால் சுட்டிக் காட்டியதா, பிடித்த பொருளைக் கொண்டுவந்து காட்டியதா, பாவனை விளையாட்டு விளையாடியதா? இவை குறைவாக இருந்திருந்தால் ஆட்டிசத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடியோக்கள் இருந்தால் எடுத்துப்போங்கள். ஒரு பெயர் முடிவானதும், "மற்றது இல்லை என்பதை எப்படி உறுதி செய்தீர்கள்?" என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.