மூன்று வார விடுப்பும் இரண்டு பழைய மின்விசிறிகளும்

நியூ ஜெர்சியில் இருபது ஆண்டுகளாக வசிக்கும் நான், அங்கே வார இறுதிகளில் வீட்டு வாசல்களில் விற்பனைக்கு வைக்கப்படும் பழைய சாமான்களுக்கு நடுவே ஜன்னல் மின்விசிறிகளைத் தேடிச் சேர்த்து வருகிறேன். அமெரிக்க வீடுகளில் பெரும்பாலான ஜன்னல்களின் கண்ணாடிச் சட்டத்தை மேலே தூக்கித் திறப்பார்கள். அந்த இடைவெளியில் விசிறியைப் பொருத்தி, இரவில் வெளிக்குளிரை உள்ளே இழுக்கவும் பகலில் அறையின் வெப்பத்தை வெளியே தள்ளவும் பயன்படுத்தினார்கள். அறைக் குளிரூட்டி எல்லா வீடுகளுக்கும் வராத 1940களிலும் 1950களிலும் அவை அங்கே பரவலாக விற்றன. நம் ஊர் ஜன்னலில் நிலையான இரும்புக் கம்பியும், வெளிப்பக்கமோ உள்பக்கமோ திறக்கும் மரக்கதவும் இருப்பதால் அந்த வகை இங்கே வேரூன்றவில்லை. இங்கே மேசை விசிறியும் கூரை விசிறியும்தான். ஆகவே ஊருக்கு வரும்போதெல்லாம் என் கண் அவற்றின் மீதே போகிறது.

இந்த முறை மூன்று வாரம் விடுப்பு கிடைத்தது. எங்கள் வீட்டுப் பரணில் முடங்கிக் கிடந்த அப்பாவின் மேசை விசிறியை ஓட வைப்பதும், காரைக்குடிக்குச் சென்று அங்குள்ள பழம்பொருள் கடைகளைப் பார்ப்பதும் என் திட்டமாக இருந்தன. எந்த வேலைக்கு எவரிடம் போவது, போகும்போது எதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது இதே ஆர்வத்தோடு ஊருக்கு வரும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அப்பா அந்த விசிறியை 1974இல் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய பொருளாக வாங்கினார். அந்தக் கட்டடம் 1985இல் தீக்கிரையானது. அதனால் கடை, ரசீது என்று எந்தத் தடயமும் இனிக் கிடைக்காது. விசிறியின் வயதை விசிறியே சொன்னால்தான் உண்டு. இருபது ஆண்டுத் தூசியை ஈரத்துணியால் துடைத்தபோது, அடிப்பீடத்தின் பின்புறம் சிறிய பித்தளைத் தகடு தெரிந்தது. கிராம்ப்டன் பார்க்கின்சன், பம்பாய், 230 வோல்ட், 50 சைக்கிள்ஸ், 16 அங்குலம் என்று அதில் பொறித்திருந்தது. இந்த ஐந்து சொற்களே காலத்தைக் கணிக்கப் போதுமானவை. கிராம்ப்டன் பார்க்கின்சன் என்பது 1927இல் உருவான ஆங்கிலேய நிறுவனம். பம்பாயில் அதன் தொழிற்சாலை 1937இல் தொடங்கியது. 1966இல் அந்தப் பெயர் கிராம்ப்டன் கிரீவ்ஸ் என்று மாறியது. ஆகவே பம்பாய் என்ற ஊர்ப்பெயரும் பார்க்கின்சன் என்ற பெயரும் ஒரே தகட்டில் இருந்தால், அந்த விசிறி இந்த இருபத்தொன்பது ஆண்டுகளுக்குள் பிறந்தது என்று துணிந்து சொல்லலாம். அங்குல அளவு துணைச் சான்று மட்டுமே. இந்தியாவில் மெட்ரிக் எடை அளவுகள் 1958இல் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஆயினும் பழைய அளவைச் சொல்லும் பழக்கம் கடைகளில் இன்றும் இருக்கிறது. வினாடிக்கு இத்தனை சைக்கிள் என்பதைக் குறிக்கும் ஹெர்ட்ஸ் என்ற சொல் 1960இல்தான் சர்வதேச அலகு முறையில் ஏற்கப்பட்டது என்பதால், சைக்கிள்ஸ் என்று எழுதியிருப்பதும் அதே காலத்தையே சுட்டுகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை அந்தத் தகட்டில் இல்லை. ஆனால் முத்திரை இல்லாததை மட்டும் வைத்து வயதை முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து.

காயில் கட்டும் பட்டறை ஒன்று மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் இருப்பதாகப் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் சொன்னார். பட்டறைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். விசிறியைப் பார்த்ததும் அவர் மின்சாரத்தில் செருகவில்லை; அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சுவரில் தொங்கிய நூறு வாட் குண்டு பல்பை விசிறியோடு தொடராக இணைத்து, முதலில் காயிலின் இரு முனைகளுக்கு இடையே சோதித்தார். பல்பு முழுப் பிரகாசத்தோடு எரிந்தால் காயில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது, எரியவே இல்லை என்றால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, மங்கலாக எரிந்தால் நம்பிக்கை உண்டு என்று விளக்கினார். பல்பு மங்கலாக எரிந்தது. பிறகு ஒரு முனையைக் காயிலிலும் மறுமுனையை இரும்பு உடலிலும் தொட்டார். அப்போதும் பல்பு சிவந்து கனன்றது.

"பாடி அடிக்குது தம்பி. இப்படியே பிளக்குல சொருகியிருந்தா கைய இழுத்திருக்கும்" என்றார்.

துணி சுற்றிய உள் ஒயர் பொடிந்து போய், காயிலின் காப்பும் கருகியிருந்ததால் முழுவதையும் புதிதாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. அந்த வேலையை அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். பழைய காயிலை வெட்டி எறியாமல் ஒவ்வொரு சுற்றாக எண்ணிப் பிரித்தார். எண்ணிக்கையைச் சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதினார். ஓட்டைகளுள்ள வட்டமான கேஜ் தகட்டில் கம்பியைச் செருகி அதன் தடிமனை இரு முறை பார்த்தார். அதே தடிமனுள்ள எனாமல் செம்புக் கம்பியை, அதே எண்ணிக்கையில், காப்புத் தாள் இட்ட பள்ளங்களில் கையாலேயே இறக்கினார். வார்னிஷ் ஊற்றி ஒரு நாள் காய வைத்த பிறகே விசிறியைப் பூட்டினார். சுழலும் தண்டைத் தாங்கும் இரண்டு புஷ்களில் முன்பக்கத்துப் புஷ் தேய்ந்திருந்தது. அதை அடுத்த தெருவிலுள்ள லேத் பட்டறையில் கடைந்து வாங்கி வந்தார். புஷ்ஷைச் சுற்றியிருந்த கம்பளி வளையத்தைத் தொட்டு, அது வறண்டு போனதுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்றார். அந்த வளையம் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகத் தண்டுக்குக் கொடுக்கிறது. நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். அது நாளடைவில் பிசினாக இறுகித் தண்டையே பிடித்துக்கொள்கிறது; மெல்லிய மெஷின் எண்ணெய் மட்டுமே விட வேண்டும். காயிலுக்கு 700 ரூபாயும் புஷ்ஷுக்கு 350 ரூபாயும் வாங்கினார். இந்தத் திறமைக்கு நான் வாழும் ஊரில் ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு என்பதை அவரிடம் சொன்னேன்.

என் மனம் வருந்தும்படி நடந்தது அதற்கு அடுத்த வேலையில்தான். பித்தளை இறக்கைகளை மெருகேற்ற வேண்டும் என்று உறவினர் ஒருவர் காட்டிய பாலிஷ் கடையில் இறக்கை, கூண்டு, பீடம் மூன்றையும் ஒப்படைத்தேன். தகட்டைத் தொட வேண்டாம் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் போனபோது இறக்கைகள் தங்கம் போல மின்னின. தகடும் அதே போல மின்னியது. அதில் எழுத்து எதுவும் இல்லை. சுழலும் துணிச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்ததில் மேலோட்டமாகப் பொறித்திருந்த எழுத்துகளும் அவற்றுக்கிடையே இருந்த கறுப்பு மையும் சேர்ந்தே போய்விட்டன. கடைக்காரர் வேலையை அக்கறையாகச் செய்ததாகவே எண்ணியிருந்தார். பொருளின் அடையாளமே அந்தத் தகடுதான் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் நாளே தகட்டைப் புகைப்படம் எடுத்து வைத்திருந்ததால் தொடர் எண் வரை என்னிடம் இருக்கிறது. ஆயினும் படமும் தகடும் ஒன்றல்ல. பழைய விசிறியைக் கொடுக்கும் எவரும் தகட்டைத் திருகாணி கழற்றி எடுத்து வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். ரிவெட் அடித்திருந்தால் அதன் மேல் தடித்த காகிதத்தை ஒட்டி, தொடக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். பழைய வண்ணத்தையும் சுரண்ட விடாதீர்கள். தொழிற்சாலையில் பூசிய கறுப்பு வண்ணம் உரிந்திருந்தாலும், அது புதுப் பச்சை வண்ணத்தைவிட மேலானது.

இரண்டாவது வாரம் பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடி சென்றேன். முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரங்களுக்கும் சுவர்க் கடிகாரங்களுக்கும் இடையே விசிறிகளும் இருந்தன. கடைக்காரர்கள் பொறுமையாக எடுத்துக் காட்டினார்கள். தொட்டுப் பார்க்கவும் கழற்றிப் பார்க்கவும் மறுக்கவில்லை. என் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் எப்போதும் இருக்கும். பித்தளை என்று காட்டிய இரண்டு இறக்கைகளில் காந்தம் ஒட்டியது. அவை முலாம் பூசிய இரும்பு. ஒரு விசிறியின் பீடத்தில், தகட்டின் திருகாணிகளுக்குப் பக்கத்திலேயே அடைக்கப்பட்ட வேறு இரண்டு துளைகள் இருந்தன. வேறொரு விசிறியின் தகட்டை அதில் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். இன்னொன்றை அமெரிக்க ஜி.இ. என்று சொன்னார்கள். கூண்டின் நடு வில்லையில் மேக்னெட் என்ற பெயர் இருந்தது. அது பிரிட்டனின் ஜி.இ.சி. நிறுவனம் வீட்டுச் சாதனங்களுக்கு வைத்த பெயர். பெயர் ஒத்திருந்தாலும் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதைச் சொன்னபோது கடைக்காரர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

அங்கே நான் வாங்கியது மிலான் நகரத்து எர்கோலே மரெல்லி நிறுவனத்தின் விசிறி. மோட்டார்க் கூட்டின் இருபுறமும் திருகாணிப் பள்ளமுள்ள இரண்டு வட்ட மூடிகள் எதிரெதிராக இருந்தன. அவற்றைக் கண்டதுமே அது ஒரே திசையில் பாயும் டி.சி. மின்சாரத்தில் ஓடுவது என்று ஊகித்தேன். ஒரு மூடியைக் கழற்றியபோது உள்ளே வில்கம்பியோடு, சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷின் தேய்ந்த துண்டும், அதற்குப் பின்னால் செம்புப் பட்டைகள் வரிசையாக அமைந்த கம்யூட்டேட்டரும் தெரிந்தன. கல்கத்தாவின் சில பகுதிகளில் டி.சி. மின்வழங்கல் மிக நீண்ட காலம் நீடித்ததால் இத்தகைய விசிறிகள் நாடெங்கும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. இவற்றை, இன்று வீடுகளுக்கு வரும், திசை மாறி மாறிப் பாயும் ஏ.சி. மின்சாரத்தின் பிளக்கில் நேரடியாகச் செருகிப் பார்க்கக் கூடாது. ஓடுகிறதா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்வதும் தவறு. 4,500 ரூபாய்க்கு அது எனக்குக் கிடைத்தது.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் பற்றிய 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நூறு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆன பொருள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடும். தொல்பொருளைத் தனிநபர் நாட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்ல முடியாது. பொருள் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல என்பதற்கான சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டும். சென்னையில் அதன் வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. அப்பாவின் விசிறிக்கு அந்தக் கவலை இல்லை, ஏனென்றால் பம்பாய்த் தொழிற்சாலையே 1937இல்தான் பிறந்தது. மரெல்லியின் வயதை அப்படி உறுதியாகச் சொல்ல இயலாத நிலையில் அதைப் பெட்டியில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. இரண்டாவது செய்தி மின்சாரத்தைப் பற்றியது. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வைத்து வோல்ட்டைச் சரிசெய்துவிடலாம். ஹெர்ட்ஸை அதனால் மாற்ற இயலாது, ஆகவே 50க்கென்று கட்டிய ஏ.சி. விசிறி அங்கே தன் இயல்பான வேகத்தில் ஓடாது. வார்ப்பிரும்புப் பீடத்தின் எடையையும் 23 கிலோ பெட்டிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கிராம்ப்டன் அம்மாவின் அறையிலேயே இருக்கிறது. மூன்றாவது வேகத்தில் வைத்தால் கூண்டு மெல்ல அதிர்கிறது. இரண்டாவதில் சத்தமே இல்லை. அம்மா இரண்டில்தான் வைத்துக்கொள்கிறார். மரெல்லியை மாம்பலத்துப் பட்டறையில் விட்டுவந்தேன். ரெக்டிஃபையர் வைத்து ஏ.சி.யை டி.சி.யாக மாற்றிக் கொடுத்துவிடலாம், பிரஷ் மட்டும் சரியான அளவில் வேண்டும் என்று பெரியவர் சொன்னார். தேய்ந்த துண்டை அளந்து, அகலம், தடிமன், வில்கம்பியின் நீளம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தார். நியூ ஜெர்சியில் பழைய மோட்டார் உதிரிபாகம் விற்கும் இடங்களில் அந்தச் சீட்டைக் காட்டி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.