தினமும் ஒரு கிளாஸ்: மால்பெக்கா, கோட் டு ரோனா?

விலை குறைந்த சிவப்பு ஒயின் என்றால் அர்ஜென்டினாவின் மால்பெக்தான் பலருக்கும் முதலில் ஞாபகம் வரும். ஆண்டிஸ் மலையடிவாரத்து மென்டோசாவில், சில தோட்டங்கள் 1,000 மீட்டருக்கும் மேலே, பகலில் நல்ல வெயில், ராத்திரியில் குளிர் என்று விளைகிற திராட்சை. அதனால் நிறம் அடர்த்தி, பிளம் பழ வாசம், துவர்ப்பும் மெத்தென்று இருக்கும், முதல் வாயிலேயே பிடித்துப்போகும். சிக்கல் இரண்டாவது கிளாஸில்தான். ரொம்ப மலிவான பாட்டில்கள் சிலவற்றில் ஓக் மரச் சீவலை ஊறப்போட்டு வெனிலா வாசம் ஏற்றியிருப்பார்கள், திகட்டிவிடும். சுட்ட மாட்டிறைச்சி இருந்தால் சரி.

பிரான்சின் ரோன் பகுதிச் சிவப்பு ஒயினான கோட் டு ரோன் வேறு மாதிரி. பெரும்பாலும் கிரனாஷ் திராட்சை, கூடவே சிரா, மூர்வேத்ர் என்ற திராட்சை வகைகள். சிவப்புப் பழச் சுவை, லேசான மிளகுக் காரம், கோழி வறுவலோ காளான் கிரேவியோ எதோடும் ஒத்துப்போகும். குடிப்பதற்கு முன் இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஆல்கஹால் நெடி அடங்கும். லேபிளில் 'வில்லாஜ்' என்றும் சேர்ந்திருந்தால் தயாரிப்பு விதிமுறை இன்னும் கடுமை, கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

தினசரிக்கு என் ஓட்டு ரோனுக்குத்தான். ஒயினுக்குப் புதியவர் யாராவது விருந்துக்கு வந்தால் மட்டும் மால்பெக்கைத் திறப்பேன். அப்புறம், கார்க்குக்குப் பதில் திருகு மூடி என்பதற்காக எந்த பாட்டிலையும் ஒதுக்காதீர்கள்.