விழுந்த சர்வரைத் திரும்பச் சேர்ப்பது: பேட்ரோனியா, காலேராவா?

எங்கள் கட்டண வசூல் அமைப்பில் ஒரு சர்வர் விழுந்தாலும் சேவை நிற்கக் கூடாது என்று முடிவானபோது மூன்று வழிகள் இருந்தன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 9.0 பதிப்பு முதல் உள்ள ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனை (முதன்மை சர்வரின் மாற்றங்களை நகல் சர்வருக்குத் தொடர்ந்து அனுப்பும் வசதியை) வைத்துக்கொண்டு, முதன்மை சர்வர் விழும்போது ஸ்டாண்ட்பையை, அதாவது தயாராக நிற்கும் நகல் சர்வரை, கையால் முதன்மையாக உயர்த்துவது ஒன்று. அதே ரெப்ளிகேஷனை, இந்த உயர்த்தலைத் தானாகச் செய்யும் பேட்ரோனி என்ற மென்பொருளின் பொறுப்பில் விடுவது இன்னொன்று. மரியாடிபி என்ற வேறொரு தரவுத்தளத்துக்கு மாறி, பல சர்வர்கள் சமமாக இயங்கும் காலேரா கிளஸ்டர் அமைப்பது மூன்றாவது. நாங்கள் இரண்டாவதைத்தான் எடுத்தோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

மூன்றும் இலவசம், மூன்றிலும் வாசிப்புச் சுமையைப் பிரித்துக்கொள்ளலாம். ஸ்டாண்ட்பை எத்தனை நொடியில் முதன்மையாகிறது என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நாங்களும் அதையே கேட்டோம், ஆனால் எங்களை வதைத்தது அதற்குப் பிந்தைய கட்டம், விழுந்த பழைய முதன்மையைத் திரும்பச் சேர்ப்பது.

கையால் உயர்த்திய காலத்தில் ஒருநாள் பழைய முதன்மை மறுதொடக்கமாகி, தான் இன்னும் முதன்மை என்றே நினைத்து எழுந்து நின்றது. முகவரி மாற்றப்படாமல் விடுபட்ட ஒரு செயலி சர்வர் பதினொரு நிமிடம் அதிலேயே எழுதிக்கொண்டிருந்தது. ஒரே ரசீது எண் இரண்டு சர்வர்களிலும் வெவ்வேறு வாடிக்கையாளருக்குப் போயிருந்தது. அவற்றை வரிவரியாக ஒப்பிட்டுச் சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது.

பேட்ரோனியில் தலைமைப் பூட்டு, அதாவது யார் முதன்மை என்ற குறிப்பு, எட்சிடி என்ற தனிச் சேமிப்பு மென்பொருளில் இருக்கிறது. அதன் ஆயுள் இயல்பாக 30 நொடி. அதைப் புதுப்பிக்க முடியாத முதன்மை தானாகவே பதவி இறங்கிவிடும். பிறகு, போஸ்ட்கிரெஸ் 9.5-இல் சேர்ந்த பிஜி ரிவைண்ட் என்ற கருவி, இரு சர்வர்களின் வரலாறும் பிரிந்த இடத்தைக் கண்டறிந்து, மாறிய பிளாக்குகளை (தரவுக் கோப்பின் துண்டுகளை) மட்டும் புதிய முதன்மையிலிருந்து எடுத்துப் பழைய முதன்மையில் வைக்கிறது. பெரிய தரவுத்தளத்தை முழுதாக நகலெடுக்க வேண்டியதில்லை. ஆனால் பேட்ரோனியில் அதைப் பயன்படுத்தும்படி அமைத்திருக்க வேண்டும். செக்சம் (தரவுப் பழுதைக் கண்டறியும் சரிபார்ப்பு) அல்லது வால் லாக் ஹிண்ட்ஸ் என்ற அமைப்பு முன்பே இயங்கியிருக்க வேண்டும். பிரிவுக்கு முந்தைய செக்பாயிண்ட் (மாற்றங்கள் தரவுக் கோப்புகளில் எழுதி முடிக்கப்பட்ட கட்டம்) வரையிலான வால் (WAL) கோப்புகளும், அதாவது மாற்றங்களின் பதிவேடும், கிடைக்க வேண்டும். பழைய முதன்மையில் மட்டும் எழுதப்பட்டிருந்தவை இதில் அழிந்துபோகும் என்பதை மறக்கக் கூடாது. அதனால் கட்டணப் பதிவுகளுக்காக ஒத்திசைவு முறையை (நகல் சர்வரும் பெற்ற பிறகே எழுத்து உறுதியாகும் முறையை) இயக்கினோம்; ஒவ்வொரு கமிட்டும், அதாவது எழுத்தை உறுதிசெய்வதும், சற்றுத் தாமதமாகிறது, அதை ஏற்றுக்கொண்டோம்.

இதில் குறையும் உண்டு. எட்சிடிக்குப் பெரும்பான்மை வேண்டும் என்பதால், தரவுத்தள சர்வர்கள் இரண்டே என்றாலும் மூன்றாவதாக ஒரு சிறு சர்வரையும் பராமரிக்கிறோம். எட்சிடி மொத்தமாக நின்றால், எட்சிடி இல்லாமலும் முதன்மை தொடர வழிவிடும் ஃபெயில்சேஃப் முறையை இயக்காதவரை, நலமாக உள்ள முதன்மையும் எழுத்தை ஏற்காது.

காலேராவைச் சோதனைச் சூழலில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன் என்பதால் அதைப் பற்றி அடக்கியே பேசுகிறேன். எந்த முனையிலும் (கிளஸ்டரின் எந்த சர்வரிலும்) எழுதலாம், பெயிலோவர் (முதன்மை மாற்றம்) என்று தனியாக எதுவும் இல்லை என்பது உண்மையிலேயே கவர்ச்சியானது. விழுந்த முனை சிறிது நேரத்தில் திரும்பினால், விடுபட்ட எழுத்துகளை, மற்ற முனை அண்மை எழுத்துகளை வைத்திருக்கும் ஜிகேஷ் என்ற இடத்திலிருந்து தானே வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஜிகேஷின் இயல்பு அளவு 128 எம்பிதான். எழுத்து மிகுந்த தரவுத்தளத்தில் அது சீக்கிரம் நிரம்பி, முழு நகலெடுப்பில் போய் நிற்கிறது, அந்தச் சுமை நகல் கொடுக்கும் முனைமேல் விழுகிறது. மூன்று முனைகளின் மின்சாரத்தையும் ஒரே நேரத்தில் துண்டித்துப் பார்த்தேன். முனையின் கடைசி நிலையைக் குறித்துவைக்கும் கிராஸ்டேட் கோப்பில் மூன்றிலும் வரிசை எண் -1, அதாவது தெரியாது, என்றே இருந்தது. எது கடைசியாக எழுதியது என்பதை ஒவ்வொரு முனையிலும் மீட்பு முறையில் இயக்கித் தேட வேண்டியதாயிற்று. ஏற்கெனவே மரியாடிபியில் இருந்து, சிறு பரிவர்த்தனைகளை மட்டுமே கையாளும் குழுவாக இருந்திருந்தால், அந்தத் தேடலைப் பொறுத்துக்கொண்டு காலேராவையே எடுத்திருப்பேன்.