‘சென்சார் வைத்த’ பழைய பவர் பிரஸ்: பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

கொடுங்கையூர், வியாசர்பாடி, மணலி வட்டாரத்தில் பிரஸ் ஷாப் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய இயந்திரங்களை வாங்கி விற்கும் ஒருவர், ‘சென்சார் பாதுகாப்பு உண்டு’ என்று சொல்லி 30 டன் விசையில் தகட்டை அடித்து வெட்டும் சி-பிரேம் (‘C’ எழுத்துப் போல முன்பக்கம் திறந்த சட்டம்) பவர் பிரஸ்களை இந்தப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்று என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சென்சாரை நம்பி யாரும் கையை உள்ளே விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் முதல் கவலை. பணம் போனது அதற்கு அடுத்ததுதான்.

எங்களுக்குத் தேவைப்பட்டது 1.6 மி.மீ. தகட்டில் கிளாம்ப் அடிக்கும் ஒரு புரோகிரசிவ் டைக்கான (தகடு நகர நகரப் பல வேலைகளை அடுத்தடுத்துச் செய்யும் அச்சு) இயந்திரம். அந்த டையில் துளை, ஓர வெட்டு, வளைப்பு, துண்டிப்பு எல்லாம் ஒரே அடியில் நடப்பதால், அத்தனை வெட்டு நீளத்தையும் கூட்டித்தான் விசையைக் கணக்கிட வேண்டும். 300 மி.மீ. வெட்டு, மைல்டு ஸ்டீலை வெட்டச் சதுர மி.மீட்டருக்கு 35 கிலோ விசை என்று வைத்தால் ஏறக்குறைய 17 டன். வளைப்பைச் சேர்த்தாலும் 30 டன் தாராளம். டையைக் கொண்டுவருகிறேன், சுமையோடு ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். “கிடங்கில் கரண்ட் லோடு பத்தாது அண்ணே. உங்கள் பட்டறையில் ஓட்டித் தருகிறேன், சரியில்லை என்றால் நானே எடுத்துக்கொள்கிறேன்” என்று என் மேஸ்திரியின் முன்னிலையில் வாக்குக் கொடுத்தார். காலியாக ஓடும்போது எந்தப் பிரஸ்ஸும் நல்ல பிள்ளைதான்.

டை ஏறியதும் குட்டு வெளிப்பட்டது. வந்த துண்டுகளில் ஒரே பக்கம் மட்டும் பிசிறு. டையைப் பிரித்து மாட்டினோம், அலைன்மென்ட் பார்த்தோம். அதே பக்கம், அதே பிசிறு. தகட்டைத் துளைக்கும் ஒரு பஞ்ச்சின் (punch) முனையும் உடைந்தது. டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு அடிக்கும் பிரேமின் வாய் அளவுக்கு மீறித் திறந்து மூடியது. சி-பிரேம் சுமையில் கொஞ்சம் திறப்பது இயல்பு. இது கொஞ்சம் அல்ல. பிரேமின் உட்பக்கத் தொண்டை வளைவில் பெயின்டைச் சுரண்டினால் பட்டி, பட்டிக்கு அடியில் வெல்டிங். வார்ப்பிரும்பில் விரிசல் விட்ட இடத்தைச் சூடேற்றாமல் சாதாரண ராடு போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதன் ஓரத்திலேயே புது விரிசல் ஓடத் தொடங்கியிருந்தது. கடல் காற்று அடிக்கும் நம் ஊரில் புதுப் பெயின்டைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை. அதுதான் அவர்களுக்கு வசதி.

இதைவிட மோசமானது கிளட்ச். மோட்டார் சுழற்றும் கனமான சக்கரத்தை (பிளைவீல்), மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகத்தை (ராம்) இயக்கும் கிராங்கோடு இணைப்பது அதுதான். இது ரோலிங் கீ வகை, அதாவது ‘சாவி’ என்று நாங்கள் சொல்லும் இரும்புத் துண்டு இணைப்பது. மிதியை அழுத்திச் சாவி பிளைவீலைப் பிடித்துவிட்டால், கிராங்க் ஒரு முழுச் சுற்று முடித்துத்தான் நிற்கும். நடுவில் நிறுத்த வழியே கிடையாது. அப்படிப்பட்ட இயந்திரத்தில் கை குறுக்கே வந்தால் உணரும் ஒளித்திரைச் சென்சார் மாட்டி, அதற்குத் தனியாக இருபத்தைந்தாயிரம் வாங்கியிருக்கிறார். கம்பியைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால் மோட்டாரின் காண்டாக்டரில் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச்) முடிகிறது. மோட்டார் அணைந்தால் என்ன? அத்தனை கனமான பிளைவீல் தன் வேகத்திலேயே அடியை முடித்துவிடும். மரக்குச்சியை நீட்டிப் பார்த்தோம்: சிவப்பு விளக்கு எரிந்தது, ராமும் இறங்கியது, குச்சி இரண்டு துண்டு. முழுச் சுற்றுக் கிளட்ச் உள்ள பிரஸ்களில் இத்தகைய சென்சாரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு விதி 1910.217 வெளிப்படையாகவே சொல்கிறது. காற்றழுத்த உராய்வுக் கிளட்சும் பிரேக்கும் இருந்தால்தான் சென்சாருக்கு அர்த்தம். சாவி கிளட்சுக்கு வேண்டியது கை நுழைய முடியாத கம்பி வேலி.

சாவியும் தேய்ந்திருந்தது. ஒருமுறை மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் ராம் இரண்டாவது தடவை தானாக விழுந்தது. ஸ்ட்ரிப்பை வெளியிலிருந்து தள்ளும் டை என்பதால் பையனின் கை தூரத்தில் இருந்தது. ஒவ்வொரு துண்டாகக் கையால் வைத்து எடுக்கும் டையாக இருந்திருந்தால், அதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை.

வியாபாரியைக் கூப்பிட்டால், “பழைய மிஷின் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் அண்ணே” என்கிறார். கொடுத்த வாக்கை நினைவுபடுத்தினால், இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அப்போதுதான் பில்லின் சூட்சுமம் புரிந்தது. இயந்திரத்தின் பெயர், டன், வரிசை எண் எதுவும் இல்லை; ‘பழைய இரும்பு’ என்று கிலோ கணக்கு. பேசி முடித்தபோது எழுதிய தாளில் ‘30 டன் பிரஸ்’ என்றுதான் இருந்தது. பில் லாரியோடு வந்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். வணிக நோக்கத்துக்கு வாங்கியதை 2019 சட்டம் ஏற்காது. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவருக்கே விலக்கு என்றார். ஆள் வைத்து நடத்தும் எனக்கு சிவில் வழக்குதான் மிச்சம்.

ஆகவே, உங்கள் டையைப் போட்டு உங்கள் தகட்டில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். தொண்டை வளைவில் பெயின்டைச் சுரண்ட விடவில்லை என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். சென்சார் இருக்கிறது என்றால் கிளட்ச் எது என்று கேளுங்கள், குச்சியை நீட்டிப் பாருங்கள். வரிசை எண் இல்லாத பில்லோடு லாரியை இறக்க விடாதீர்கள்.

இரும்பு விலைக்குக்கூட அதை அவரிடம் திருப்பித் தருவதாக இல்லை; மறுபடி பெயின்ட் அடித்து இன்னொருவர் தலையில் கட்டுவார். வழக்கு முடிந்ததும் பிரேமை என் கண் முன்னால் வெட்டித்தான் எடைக்குப் போடப் போகிறேன். அவர் கிடங்கில் அதே பச்சைப் பெயின்டில், அதே மாதிரி சென்சாருடன் இன்னும் சில நிற்கின்றன.