1/350-ஆ, 1/700-ஆ: போர்க்கப்பல் மாதிரிக்கு எந்த அளவு?

பிளாஸ்டிக் கிட்டுகளிலிருந்து போர்க்கப்பல் மாதிரிகளைக் கட்டுகிறவர்கள், எந்தக் கப்பல் என்று யோசிப்பதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உண்மைக் கப்பலின் நீளத்தை 350-இல் ஒரு பங்காகச் சுருக்கும் 1/350 அளவா, 700-இல் ஒரு பங்காகச் சுருக்கும் 1/700 அளவா? கிட்டு நிறுவனங்களான ஏர்ஃபிக்ஸின் பழைய 1/600, ஹெல்லரின் 1/400, டிரம்பெட்டரின் பிரம்மாண்டமான 1/200 ஆகியவையும் இருக்கின்றன என்றாலும், புதிதாக வரும் கிட்டுகளும் அவற்றுக்கான கைப்பிடிக் கம்பி போன்ற பித்தளை உதிரிகளும் பெரும்பாலும் இந்த இரண்டு அளவுகளிலேயே வருகின்றன. இரண்டிலும் கட்டிப் பார்த்தபின், பெரிய கப்பல்களுக்கு 1/700 போதும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆகவே இந்த அலசலில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். 263 மீட்டர் நீளமுள்ள ஜப்பானின் யமாட்டோ 1/350-இல் 75 சென்டிமீட்டராகவும், 1/700-இல் முப்பத்தேழரை சென்டிமீட்டராகவும் வரும். பிரிட்டனின் ஹூட், ஜெர்மனியின் பிஸ்மார்க் ஆகியவையும் ஏறத்தாழ இதே கணக்குதான். பெரிய அளவுக்கு விலை அதிகம், வண்ணம் அதிகம், ஏர்பிரஷ் இல்லாமல் அடித்தால் கப்பலுடலில் தூரிகைக் கோடு தெரியும். சிறிய அளவுக்குக் கண்ணும் கையும் கூடுதலாக ஒத்துழைக்க வேண்டும். நிறத்தைப் பற்றிய ஆராய்ச்சி இரண்டுக்கும் பொது. ஜப்பானியக் கடற்படையின் கூரே தளத்தின் சாம்பலா, சசேபோ தளத்தின் சாம்பலா என்ற விவாதமும், 1941 மே 21 அன்று நார்வேயில் நின்றபோது மறைத்து அடிக்கப்பட்ட பிஸ்மார்க்கின் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைக் காட்டுவதா வேண்டாமா என்ற விவாதமும் எந்த அளவிலும் தப்ப முடியாதவை.

1/350-இன் பெருமையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. 13 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மேல்தளப் பலகை அந்த அளவில் 0.37 மில்லிமீட்டராக வரும். அதை வெறுங்கண்ணால் தனித்தனியே பார்க்க முடியும், ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்ட மரநிறமும் கொடுக்க முடியும். 1/700-இல் அது வெறும் கோடு. ஜப்பானிய நிறுவனமான டமியா 2011-இல் புதிதாக வார்த்து வெளியிட்ட 1/350 யமாட்டோவின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள், இந்த அளவின் மீது ஆசை கொள்வதில் வியப்பில்லை. மேலும், இந்த அளவில் நீர்மட்டத்துக்குக் கீழுள்ள உடலும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பிஸ்மார்க்கின் முடிவுக்கு வழிவகுத்தது, 1941 மே 26 அன்று பிரிட்டனின் விமானந்தாங்கி ஆர்க் ராயலிலிருந்து பறந்த ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்களில் ஒன்று சுக்கான் பகுதியில் பாய்ச்சிய டார்பிடோ. அந்த இரட்டைச் சுக்கானையும் மூன்று உந்துவிசிறிகளையும் கண்ணால் பார்க்க விரும்புகிறவருக்கு, நீருக்கு மேலே தெரியும் பகுதி மட்டுமே கொண்ட நீர்மட்ட மாதிரி எதையும் சொல்லாது.

ஆனால் நுணுக்கம் என்பது பாகத்தின் பருமனை மட்டும் பொறுத்ததல்ல, நாம் எவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது. 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று பார்த்தால், 1/350 மாதிரியை 105 மீட்டர் தொலைவிலிருந்தும், 1/700 மாதிரியை 210 மீட்டர் தொலைவிலிருந்தும் பார்ப்பதற்குச் சமம். 210 மீட்டரில் மேல்தள ஓரத்துக் கைப்பிடிக் கம்பி கண்ணுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆகவே 1/700-இல் கம்பியை விட்டுவிட்டாலும் கப்பல் கப்பலாகவே இருக்கும். 1/350-இல் விட்டால் ஓரம் மொட்டையாகத் தெரியும். கம்பி வைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரு மீட்டர் உயரக் கம்பி 1/700-இல் 1.4 மில்லிமீட்டர். ஒரு சாண் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, ஊசிமுனையில் சூப்பர் க்ளூவைத் தொட்டு, தளத்தின் வளைவுக்கு ஏற்ப அழுத்தாமல் அமர்த்துவதற்குள் மூச்சை அடக்கவேண்டியிருக்கிறது. பித்தளைத் தகட்டின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்றே கொண்டாலும் 1/700-இல் அது 7 சென்டிமீட்டர் தடியுள்ள கம்பிக்குச் சமம். உண்மையான கம்பியைவிட அது பருமன். இந்த இடத்தில் 1/350-க்குத்தான் மதிப்பெண் தரவேண்டும்.

எனக்கு இந்தப் பட்டியல் எதுவும் முடிவைத் தரவில்லை. முடிவைத் தந்தது தூசி.

கட்டி முடித்த கப்பல் மாதிரியை வீட்டில் வைத்துப் பராமரிப்பது பற்றிக் கட்டும் முறைகளைச் சொல்லிக்கொடுப்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. காரையோ விமானத்தையோ மெல்லிய துணியால் துடைத்துவிடலாம். கப்பலில் துடைக்க இடமே இல்லை: கொடிமரங்களுக்கிடையே இழுத்துக்கட்டிய கம்பிகள், ராடார் சட்டங்கள், விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் மயிரிழைக் குழல்கள், ஏணிகள். மின்விசிறி நாள் முழுவதும் சுழலும் நம் வீடுகளில் தூசி எல்லாத் திசையிலிருந்தும் வந்து இந்தக் கம்பிகளில் தொற்றிக்கொள்கிறது. சமையலறை அருகில் இருந்தால் தாளிப்பின் எண்ணெய்ப்புகையும் சேர்ந்து அது பிசுக்காகிவிடும். பிறகு கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கும் காற்றுப்பந்தால் ஊதினாலும் போகாது, தூரிகையால் தொட்டால் தூசியோடு கம்பியும் வந்துவிடும். பளபளப்பை மறைக்க நாம் அடிக்கும் மேட் வார்னிஷின் சொரசொரப்பு வேறு தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, துணியிலிருந்து உதிர்ந்த ஒரு மில்லிமீட்டர் பஞ்சிழை 1/700 மேல்தளத்தில் 70 சென்டிமீட்டர் கயிறாகக் கிடக்கும். தூசியின் உறுத்தல் சிறிய அளவில்தான் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனவே எந்த அளவாக இருந்தாலும் மூடிய பெட்டி இல்லாமல் கப்பல் மாதிரி நிலைக்காது. கேள்வி, அந்தப் பெட்டி எவ்வளவு பெரியது என்பதுதான். நீளம் பாதியானால் அடைக்கும் இடம் எட்டில் ஒன்றாகும் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையிலும் அது பெரிதாகப் பொய்ப்பதில்லை. முழு உடலுடன் தாங்கிமேல் நிற்கும் 1/350 யமாட்டோவுக்கு, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டால், 85 சென்டிமீட்டர் நீளமும் 20 அகலமும் 25 உயரமும் உள்ள பெட்டி வேண்டும். 4 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்தால் மேல்மூடி மட்டும் ஏறத்தாழ 7 கிலோ. அந்த 7 கிலோவை, கீழே உள்ள கொடிமரத்தில் இடித்துவிடாமல் நேர்செங்குத்தாகத் தூக்கவும் இறக்கவும் இரண்டு பேர் வேண்டும். அக்ரிலிக் எடை குறைவு. ஆனால் 85 சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய தகடு போட்டால் நடுவில் வளையும், தடித்த தகடு போட்டால் விலை ஏறும். உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். அந்தத் தேய்ப்பிலேயே நிலைமின் ஏறி இன்னும் தூசியை இழுக்கும். பெட்டி செய்து வந்தபின்னும் அதை எங்கே வைப்பது? புத்தக அலமாரித் தடுப்புகளுக்கிடையே அது நுழையாது. தனி மேசை போட வேண்டும், அந்த மேசைமேல் வேறு எதையும் வைக்கக்கூடாது என்று வீட்டில் உள்ள எல்லோரையும் சம்மதிக்கவைக்க வேண்டும்.

1/700 நீர்மட்ட யமாட்டோவுக்கோ 45 சென்டிமீட்டர் நீளம், 12 அகலம், 13 உயரம் போதும். அதே 4 மில்லிமீட்டர் கண்ணாடியிலும் மூடி 2 கிலோதான். ஒற்றை ஆளாகத் தூக்கலாம். கண்ணாடிக் கடைக்காரர் மீதமான துண்டுகளிலிருந்தே வெட்டித் தருவார். வாடகை வீடு மாறும்போது வண்டியில் மடிமேல் வைத்துக்கொண்டு போகலாம். 1/350-ஐ வண்டியில் ஏற்றும்போது, ஓட்டுநர் ஒவ்வொரு வேகத்தடையையும் எப்படிக் கடக்கிறார் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

பெட்டி பற்றிப் பேசும்போது இரண்டு அளவுக்கும் பொதுவான எச்சரிக்கைகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். சூப்பர் க்ளூ முழுவதும் உலர்வதற்கு முன் மூடினால், அதன் ஆவி பெட்டிக்குள்ளேயே சுற்றி வண்ணத்தின்மேல் வெண்படலமாகப் படியும். சில நாட்களேனும் திறந்து வைத்திருந்துவிட்டு மூடவேண்டும். புது மரப்பலகையை அடித்தளமாகப் போட்டால், மரத்திலிருந்து கசியும் அமில ஆவி, ஈயம் கலந்த உதிரிகளை நாளடைவில் வெண்பொடியாக்கிவிடும். கடலோர ஊர்க்காரர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மறக்கக்கூடாது.

பராமரிப்புக்கு அடுத்தபடியாக என்னை 1/700-இன் பக்கம் இழுத்தது வரலாறு. ஷிசுவோகாவின் டமியா, அயோஷிமா, ஹசேகாவா, ஃபுஜிமி ஆகிய நான்கு நிறுவனங்களும் ஜப்பானியக் கடற்படைக் கப்பல்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு 1971-இல் தொடங்கிய வாட்டர்லைன் (1/700 நீர்மட்ட மாதிரி) வரிசை, ஒரு கடற்படையையே அலமாரியில் நிறுத்தலாம் என்ற எண்ணத்தில் எழுந்தது. கடற்போர் என்பது கப்பல்கள் ஒன்றையொன்று எதிர்கொள்வது. ஒற்றைக் கப்பலில் அதைக் காட்ட முடியாது. 1939 டிசம்பர் 13 அன்று தென் அமெரிக்கக் கரைக்கு அப்பால் நடந்த ரிவர் பிளேட் மோதலை எடுத்துக்கொள்ளுங்கள். 28 சென்டிமீட்டர் பீரங்கிகள் கொண்ட ஜெர்மனியின் கிராஃப் ஸ்பீயை, பிரிட்டன் தரப்பின் எக்ஸிட்டர், அஜாக்ஸ், அக்கிலிஸ் என்ற மூன்று குரூசர்கள் எதிர்கொண்டன. அவற்றுள் அக்கிலிஸ்தான் 1948-இல் இந்தியக் கடற்படைக்கு வந்து, ஐஎன்எஸ் டெல்லி என்ற பெயரில் 1978 வரை பணியாற்றிய கப்பல். 1/700-இல் நான்கும் 24 முதல் 27 சென்டிமீட்டருக்குள் அடங்கி, ஒரே தட்டில் இரு வரிசையாக நிற்கும். அளவில் பெரிய வேறுபாடில்லாத கப்பல்களுக்கு இடையே பீரங்கியின் பருமன் எவ்வளவு வேறுபட்டது என்பதும் பார்த்தவுடன் புரியும். 1/350-இல் முனையோடு முனை வைத்தால் நான்குக்கும் இரண்டு மீட்டர் வேண்டும்.

1/700 கிட்டுகள் கரடுமுரடானவை என்ற பழைய குறை இப்போது செல்லாது. 1970-களின் வார்ப்புகளைப் பார்த்து அப்படிச் சொன்னவர்கள், ஃப்ளைஹாக் போன்ற சீன நிறுவனங்களின் அண்மைய கிட்டுகளைப் பார்த்தால் கருத்தை மாற்றிக்கொள்வார்கள். ரெசின் கிட்டுகளில் எனக்குப் பழக்கம் குறைவு. விமானந்தாங்கிகளை 1/350-இல் நான் கட்டியதும் இல்லை. தளம் நிறைய விமானங்களை வரிசைப்படுத்த விரும்புகிறவர், சிறகு மடிப்பையும் சின்னங்களையும் கருதி, என் முடிவுக்கு எதிர்மாறாகத் தீர்மானிக்க நியாயம் இருக்கலாம்.

பெட்டியின் நீளத்தை அளவுகோலாக வைத்தால், சிறிய கப்பல்களுக்குத் தீர்ப்பு தலைகீழாகிறது. 45 சென்டிமீட்டர் பெட்டிக்குள் அடங்கும் எதையும் 1/350-இல் கட்டலாம் என்பதே இப்போது என் வழக்கம். நாசகாரிகளும், நீர்மூழ்கிகளும், முதல் உலகப்போரின் இலகு குரூசர்களும் இதில் வந்துவிடும். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டன் 118 மீட்டர் நீளம்தான். ரெவெலின் 1/350 கிட்டில் அது ஏறத்தாழ 34 சென்டிமீட்டராக வரும். 1/700-இல் 17 சென்டிமீட்டருக்குள் சுருங்கி, அதன் பத்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளும் கொசுக்கால்களாகிவிடும். கோகோஸ் தீவருகே அதை முடித்துவைத்த ஆஸ்திரேலியாவின் சிட்னியும் 1/350-இல் 40 சென்டிமீட்டரைத் தாண்டாது. அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்த கோலத்தில் எம்டனைக் காட்ட விரும்பினால், பிரிட்டனின் யார்மவுத் என்று நம்பவைக்க மாலுமிகள் எழுப்பிய நான்காவது போலிப் புகைபோக்கியையும் சேர்க்க வேண்டும். நீர்த்த பசையில் தோய்த்த டிஷ்யூ காகிதத்தைப் பிளாஸ்டிக் குழாயில் சுற்றி, அது முழுவதும் காய்வதற்கு முன் நகத்தால் இரண்டு மூன்று இடங்களில் கசக்கிவிட்டால் கேன்வாஸ் சுருக்கம் வந்துவிடும். மற்ற மூன்று புகைபோக்கிகளைவிட அதற்கு ஒரு மாற்று வெளிறிய சாம்பலை அடிப்பது என் பழக்கம்.